பஸ் திரும்ப ஒரு மூலை

ஜெர்மனிக்குப் போய்வந்த கதையைக் கேட்டவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லி அலுத்துவிட்டது. எழுதிவிடுகிறேன். இனிமேல் கேட்பவர்கள் படித்துக்கொள்ளட்டும்.

போனது மகளின் பேறுகாலத்துக்கு. மகள் சுபா அங்கே நர்ஸ். மாப்பிள்ளைக்கும் அங்கேதான் வேலை. இது நான் போன காரணம். ஊர் என்னை அனுப்பிய காரணம் வேறு.

எங்கள் ஊர் மேலப்பத்து. பூதப்பாண்டிப் பக்கம். சுற்றிலும் வயல். வீடுகள் எழுபதுக்குள் இருக்கும். கோயில் கொடைத் திருவிழாவுக்கு வந்த விருந்தாளிகளையும் சேர்த்து எண்ணினால் முந்நூறு தலை தேறும். நாகர்கோவிலிலிருந்து வரும் பஸ் பக்கத்து ஊரான கீழப்பத்தோடு நின்றுவிடும். அங்கிருந்து வயலுக்குத் தண்ணீர் வரும் சானல் கரை வழியாக நடக்க வேண்டும். நல்ல காலுக்கு அரைமணி நேரம்.

என் வீட்டுக்காரருக்கு நல்ல கால் ஒன்றுதான். இன்னொன்றில் சர்க்கரைப் புண். இரண்டு விரலை எடுத்தாயிற்று. ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டு மாற்ற வேண்டும். தவறினால் பாதத்தையும் எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆட்டோ வந்தால் உண்டு. மழை பெய்து சானல் கரை சகதியானால் அதுவும் வராது. அப்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு நடப்பார். பாதி வழியில் உட்கார்ந்துவிடுவார். அப்படித் தவறிய நாட்கள் நிறைய.

பஸ் வேண்டும் என்று ஊர் எப்போதோ எழுதிப் போட்டது. அதிகாரி ஒருவர் வந்தார். அம்மன் கோயில் முன்னால் நின்று நாலு பக்கமும் பார்த்தார்.

"பெரிய பஸ் திரும்ப இங்க இடம் இல்ல. ஆளும் கம்மி. மினி பஸ்னா சொல்லுங்க, பாக்கலாம்" என்றார்.

சரி என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கோயில் முன்னால் கூட்டம் கூடினோம். கீழப்பத்துக்காரனுக்குப் பெரிய பஸ், நமக்குக் குட்டி பஸ்ஸா என்று ஒருத்தர் கேட்டார். அதோடு காரியம் முடிந்தது. கொடைக்குக் கீழப்பத்தில் இரண்டு செட் மேளம் என்றால் நாங்கள் மூன்று வைப்போம். அவர்கள் கோபுரத்துக்குப் பச்சை அடித்தால் நாங்கள் பச்சையும் சிவப்பும் அடிப்போம். கூட்டத்தில் பெரிய சத்தம் என் வீட்டுக்காரருடையதுதான். அப்போது அவருக்கு இரண்டு காலும் நன்றாக இருந்தது.

"தீப்பெட்டிக்குள்ள கூனிக்கிட்டுப் போறதுக்கு நடந்தே போலாம்லே!"

எல்லோரும் கை தட்டினார்கள். அன்றிலிருந்து நடக்கிறோம்.

பெரிய பஸ் திரும்ப ஒரே ஒரு வழி உண்டு. கோயிலுக்கு எதிரே என் அண்ணனின் தென்னந்தோப்பு. அதன் மூலையை விட்டுக்கொடுத்தால் பஸ் சுற்றி வந்துவிடும். அண்ணன் இருப்பதும் ஜெர்மனியில்தான். ஆனால் எங்களுக்குள் பேச்சு கிடையாது. சுபா கல்யாணத்துக்கு அவனை ஃபோனில் அழைத்தோம். தாய்மாமனை வீடு தேடிப் போய், வெற்றிலை வைத்து அழைக்க வேண்டும். கடல் தாண்டி இருக்கிறவன் வீட்டுக்கு எப்படிப் போவது? அவன் அந்த நியாயத்தைக் கேட்கவில்லை. "பால்காரனுக்கும் ஃபோன், தாய்மாமனுக்கும் ஃபோனா?" என்று கேட்டு ஃபோனை வைத்துவிட்டான். கல்யாணத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகு பேசவுமில்லை.

அதனால் மூலையையும் ஃபோனில் கேட்க முடியாது. நான் புறப்படும் முன் ஊர்த்தலைவர் வீட்டுக்கே வந்தார்.

"பகவதி, பேறுகாலம் பாக்கப் போற. நல்ல காரியம். அப்பிடியே அண்ணனையும் பாத்து அந்த மூலையக் கேட்டுட்டு வந்திரு. நேர்ல கேட்டா இல்லன்னு சொல்ல மாட்டான்."

"சொன்னா?"

"நீ ஒடப்பெறந்தவளாக்கும். சொல்ல மாட்டான்."

வீட்டுக்காரர் கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

விமானத்தைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. உட்கார்ந்திருந்தேன். கொண்டுபோய் விட்டார்கள்.

நான் போவதற்குள் பேரன் முந்திக்கொண்டான். பேறுகாலம் பார்க்கப் போனவள் பிள்ளையைத்தான் பார்த்தேன். முதல் நாள் அவனைக் குளிப்பாட்டியதோடு சரி. வெளியே குளிர். கதவைத் திறந்தால் மூக்கு எரிந்தது.

மறுநாள் பிள்ளையை டாக்டரிடம் காட்டப் போனோம். பிள்ளையைத் தள்ளுவண்டியில் கிடத்தி, பஸ்ஸுக்கு நின்றோம். இந்த வண்டியை எப்படிப் பஸ்ஸில் ஏற்றுவது என்று எனக்கு ஒரே கவலை. எங்கள் பக்கம் நெல் மூட்டையை ஏற்றுவதற்கே கண்டக்டர் முறைப்பார். பஸ் வந்து நின்றது. 'உஸ்' என்று ஒரு சத்தம். பஸ் எங்கள் பக்கமாகச் சாய்ந்தது. பஞ்சர் என்று நினைத்து நான் பின்னால் தள்ளி நின்றேன்.

"அம்மா, ஏறு. வண்டி ஏறணும்னு குனியுது" என்றாள் சுபா.

"பஸ்ஸா குனியுது?"

"ஆமா. ஏறு, ஆள் பாக்குது."

வண்டியைத் தூக்கவே வேண்டியிருக்கவில்லை. உருட்டினாள், ஏறிவிட்டது. எங்களுக்குப் பின்னால் வயதான ஒருவர் வந்தார். நாலு கால் உள்ள ஊன்றுகோல் வைத்திருந்தார். காலில் கட்டு. அவரும் தரையில் நடப்பதுபோல் உள்ளே நடந்து வந்து உட்கார்ந்தார். ஒருத்தரும் அவரைப் பிடிக்கவில்லை, தள்ளவில்லை. சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மனுஷனை எனக்குப் பிடிக்கவில்லை. அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. காலைத் தூக்காமல் பஸ் ஏறினார், அவ்வளவுதான். வழி முழுக்க அவர் காலையே பார்த்துக்கொண்டு வந்தேன். வயிறு எரிந்தது.

சாப்பாட்டில் எனக்குப் பொறாமை ஒன்றும் வரவில்லை. அவர்கள் ரொட்டி செங்கல் மாதிரி. கறுப்பாக ஒன்று உண்டு, அதை அறுக்கவே தனிக் கத்தி வேண்டும். உருளைக்கிழங்கை அவிக்கிறார்கள், தின்கிறார்கள். மிளகாய் என்று ஒன்று உலகத்தில் இருப்பது தெரியாது. ஒன்று மட்டும் பிடித்தது. முட்டைக்கோஸை நறுக்கி உப்பில் போட்டுப் புளிக்க வைக்கிறார்கள். அதைப் பழங்கஞ்சிக்குத் தொட்டுக்கொண்டேன். மாங்காய் ஊறுகாய்க்கு அடுத்தபடி வைக்கலாம். "கஞ்சிக்கு இதைத் தொட்டு ஜெர்மன்காரன் ஒருத்தனும் தின்னுருக்க மாட்டான்" என்றார் மாப்பிள்ளை. அது அவர்கள் தலையெழுத்து.

நாலாம் நாள் தனியாகக் கடைக்குப் போய்வரச் சொன்னாள் சுபா. பழகட்டும் என்று. திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் வெயில் அடித்தது. அந்த ஊர்க் குளிருக்கு வெயிலில்தான் நிற்க வேண்டும், நானோ பழக்கத்தில் பத்தடி தள்ளி மரத்தடியில் நின்றேன். பஸ் வந்தது. கையை நீட்டினேன். டிரைவரும் கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். எங்கள் ஊரில் வரப்பில் நின்று கையைக் காட்டினாலும் நிற்கும். பூக்கூடைக்காரி ஓடிவந்தால் காத்து நிற்கும். அங்கே கம்பத்துக்குக் கீழே நின்றால்தான் மனுஷி. கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது. இதிலாவது நாங்கள் மேல்.

அடுத்த பஸ்ஸுக்கு ஒழுங்காகக் கம்பத்தடியில் நின்றேன். சுபாவும் பிள்ளையோடு தேடி வந்துவிட்டாள். பக்கத்தில் இரண்டு கிழவிகள். சட்டைக் கையைத் தூக்கி மணியைப் பார்ப்பதும் தலையை ஆட்டுவதுமாக இருந்தார்கள்.

"என்ன சொல்லுகாவ?" என்று கேட்டேன்.

"பஸ் ரெண்டு நிமிஷம் லேட்டாம். 'முன்ன எல்லாம் இப்பிடி இல்ல, நாடே கெட்டுப்போச்சு'ங்கா ஒருத்தி. இன்னொருத்தி, 'எழுதிப் போடணும்'ங்கா."

நாங்களும் எழுதித்தான் போட்டோம். அதை அவர்களிடம் சொல்லச் சொன்னேன். சுபா சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கடை ஒன்றும் கிடையாது. ஊர் செத்துக் கிடந்தது. திங்கட்கிழமை வெற்றிலை தேடிப் போனோம். அண்ணன் வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாது. அந்த டவுனில் இலங்கைத் தமிழர் ஒருவர் கடை வைத்திருக்கிறார். முருங்கைக்காய் இருந்தது. கருவாடு இருந்தது. ஈரத் துணியில் சுற்றி வெற்றிலையும் இருந்தது.

"எத்தனை வெத்திலை வேணும் அக்கா?" என்றார்.

"அண்ணனை அழைக்கணும்."

அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் வாடாத கட்டாக எடுத்து வந்தார். "கோவத்தில இருக்கிற ஆளோ?" என்று கேட்டார்.

"ஆமா."

"அப்ப பாக்கும் நல்லதாத் தாறன்."

அண்ணன் இருப்பது வேறு ஊரில். பட்டிக்காடு. மாப்பிள்ளை என்னை ரயிலில் ஏற்றிவிட்டார். எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும் என்று எழுதிக் கையில் கொடுத்தார். அங்கிருந்து பஸ். அந்த பஸ்ஸைப் பற்றி அவர் சொன்னதை நான் முதலில் நம்பவில்லை.

"மாமி, அது சும்மா வராது. ஒரு மணி நேரம் முன்னக் கூட்டியே ஃபோன் பண்ணணும். இன்ன ஊருக்கு ஒரு ஆள் போணும்னு சொன்னா வரும்."

"ஒரு ஆளுக்கா?"

"ஒரு ஆளுக்கும் வரும்."

"கல்யாண வண்டி மாதிரியா?"

"இல்ல மாமி. டிக்கெட் எடுத்துப் போற பஸ்தான்."

ஸ்டேஷன் வாசலில் அது நின்றது. பஸ் என்று சொல்ல முடியாது. எங்கள் பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றும் வேன் அளவுதான். ஒரு பெண் ஓட்டினாள். என் வயது இருக்கும். காதில் பெரிய வளையம். என்னைப் பார்த்ததும் இறங்கி வந்து பையை வாங்கி உள்ளே வைத்தாள். எனக்கு முன்னால் ஒரு பெரியவரும் அவர் நாயும் ஏறியிருந்தார்கள். நாய்க்கும் டிக்கெட் எடுத்தார். நாய் காலை நீட்டிப் படுத்துக்கொண்டது.

வழியில் பெரியவர் இறங்கினார். வயலுக்கு நடுவில் ஒற்றை வீடு. அந்த வீட்டு வாசல்வரை பஸ் போயிற்று. ஒரு கிழவருக்கும் ஒரு நாய்க்கும். நான் வெற்றிலையை மடியில் இறுக்கி வைத்துக்கொண்டேன். அந்த நாய் திரும்பி என்னைப் பார்த்தது. போ சவமே என்றேன். தமிழில் சொன்னதால் தப்பில்லை.

அண்ணன் ஊரில் இறங்கினேன். சாணி வாசனை வந்தது. அந்த நாட்டில் எனக்குத் தெரிந்த முதல் வாசனை. அண்ணனுக்கு மாட்டுப்பண்ணையில் வேலை. அவன் மனைவி, என் மைனி, அங்குள்ள முதியோர் விடுதியில் நர்ஸ். அவள் பாறசாலைக்காரி, பேச்சில் மலையாளம் கலந்திருக்கும். சுபா அவளிடம் சொல்லிவைத்திருந்ததால் என்னைக் கூட்டிப் போக அவள்தான் வந்திருந்தாள்.

"இங்க எத்தனை ஆளு மைனி?" என்று நடந்துகொண்டே கேட்டேன்.

"நூத்திச் சொச்சம். அதுல பாதியும் வயசானதாக்கும்."

எங்கள் ஊரில் பாதிகூட இல்லை. பஸ் ஸ்டாப்பில் கண்ணாடிக் கூரை. பெஞ்சு. விளக்கு. குப்பை போட ஒரு டப்பா. அதில் குப்பையும் இல்லை. ஒரு பெஞ்சைப் பார்த்து ஒருத்தி இவ்வளவு எரிச்சல்பட முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

அண்ணன் வீட்டுக்குள் நின்றிருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது.

"வந்தியா?" என்றான்.

"வந்தேன்."

தட்டு வாங்கி வெற்றிலை பாக்கை வைத்து நீட்டினேன். "சுபாவுக்கு ஆம்பளப் பிள்ளை. இருபத்தெட்டாம் நாளு அரைஞாண் கெட்டணும். தாய்மாமன் நீ வரணும்."

 அண்ணன் இரண்டு கையாலும் வாங்கினான். "இந்த ஊருல வெத்தல எங்க பிடிச்ச?" என்றான்.  மைனி கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள்.

மேசையில் சோறு வந்தது. தேங்காய் அரைத்த மீன்கறி. மரச்சீனிக் கிழங்கு. அவியல்கூட வைத்திருந்தாள். ரொட்டியைத் தின்று தின்று நாக்கு செத்திருந்தது. வாயில் எச்சில் ஊறியது.

"உக்காரு. சாப்பிடு" என்றான் அண்ணன்.

"இன்னொரு காரியம் இருக்கு. அதுக்குப் பதில் சொல்லு. பொறவு உக்காருகேன்."

எங்கள் பக்கத்து வழக்கம் இது. ஒரு காரியம் கேட்டுப் போன வீட்டில் பதில் வருவதற்கு முன்னால் கை நனைக்க மாட்டோம். நனைத்துவிட்டால் கேட்டது சோற்றோடு போயிற்று. அண்ணனுக்கும் அது தெரியும். முகம் சுருங்கியது.

"என்ன காரியம்?"

"தோப்பு மூலை வேணும். பஸ் திரும்ப."

"சாப்பிடு. பேசலாம்."

"பேசு. சாப்பிடுகேன்."

"எனக்க வீட்டுல எனக்கே சட்டமா?"

"சட்டம் நான் போடல. வழக்கத்தச் சொன்னேன்."

"ஏட்டி, வெத்தல வச்சு விளிச்ச, செரி. அதுக்க கூடவே எடத்தையும் கேட்டா என்ன அர்த்தம்? விளிக்க வந்தியா, எடம் வாங்க வந்தியா?"

"ரெண்டுக்கும்."

"எனக்கு அங்க வேற என்ன இருக்கு? வீடு இடிஞ்சாச்சு. அந்த மூலையில நிக்கிற தென்னை நான் வச்சது."

அதுவரை அடக்கி வைத்திருந்தேன். அதற்குமேல் முடியவில்லை.

"ஒனக்கு வாசல்ல பஸ் வருது. இங்க நாய் பஸ்ல படுத்துக்கிட்டு போவுது. டவுன்ல பஸ்ஸு குனிஞ்சு நிக்குது. அங்க சுபாவுக்க அப்பாவுக்கு ரெண்டு வெரலு போயாச்சு. இன்னும் பத்து மழை பெஞ்சா பாதமும் போவும். நீ தென்னங்கணக்கு சொல்லுக."

அண்ணன் மைனியைப் பார்த்தான். மைனி என்னைப் பார்த்தாள்.

"வெரலு போச்சா? எப்ப? ஒரு ஃபோன் போட்டுச் சொல்லப்பிடாதா?"

"ஃபோன்ல சொன்னா ஒனக்குப் பிடிக்காதுல்லா?"

அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். "சாப்பிடு. தாறேன்" என்றான்.

"தா. சாப்பிடுகேன்."

"நான் சொன்னா சொன்னதுதான். மொதல்ல கை நனை."

"நானும் சொன்னா சொன்னதுதான்."

"ரெண்டும் ஒரே வயித்துல பெறந்ததுதானே! மீன்கறி தணுத்துப் போவுது" என்றாள் மைனி.

அண்ணன் எழுந்தான். "செரி. நீ சாப்பிடாண்டாம். வாசலுக்கே பஸ்ஸ விளிக்கேன். போ" என்று ஃபோனை எடுத்து ஜெர்மன் பாஷையில் பேசினான். அதன்பிறகு ஒரு மணி நேரம் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். சோறும் இருந்தது. அவனும் சாப்பிடவில்லை.  மகளிடம் என்ன சொல்வது என்று யோசிக்கவில்லை. வீட்டுக்காரரிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன்.

பஸ் சத்தம் கேட்டது. பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். வந்தவள் அதே வளையக்காரி. அந்த வேன் சந்துக்குள் நேராக வந்தது. சந்து முடியும் இடத்தில் அண்ணன் வீட்டு முற்றம். அவ்வளவுதான் இடம். அதற்குமேல் வேலி. இதை எப்படி வெளியே எடுப்பாள் என்று பார்த்தேன். அவள் ஒரு வளை வளைத்தாள். ஓரடி பின்னால் எடுத்தாள். வண்டி வந்த வழியைப் பார்த்துத் திரும்பி நின்றது.

நான் பையைக் கீழே வைத்தேன். முற்றத்தைக் காலால் அளந்தேன். எங்கள் அம்மன் கோயில் முன்பக்கம் இதைவிடப் பெரிது. கொடிமரத்தை விட்டுவிட்டாலும் பெரிது. அண்ணனும் மைனியும் வாசலில் நின்று என்னைப் பார்த்தார்கள். டிரைவரும் பார்த்தாள்.

திரும்பி உள்ளே போனேன். கையைக் கழுவினேன். மேசையில் உட்கார்ந்தேன்.

"மைனி, சோறு போடு. எனக்கு மூலை வேண்டாம்."

"என்னது?" என்றான் அண்ணன்.

"வேண்டாம். நான் கேக்கவே இல்லைன்னு வச்சுக்கோ. பசிக்கு."

வெளியே டிரைவர் ஏதோ சத்தமாகச் சொன்னாள். அண்ணன் போய்ப் பேசினான். வந்து சொன்னான், கூப்பிட்டுவிட்டு ஏறாமல் இருப்பது சரியில்லையாம், இந்த நாட்டில் அப்படிச் செய்யமாட்டார்களாம். மைனி ஒரு தட்டு நேந்திரங்காய் வறுவலை எடுத்துக்கொண்டு ஓடினாள். டிரைவர் முதலில் ஒன்றை எடுத்தாள். பிறகு ஒரு கை அள்ளினாள். பக்கத்து ஊரில் ஓர் ஆளை ஏற்றி இறக்கிவிட்டு வருகிறேன், அதற்குள் தின்று முடி என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மீன்கறி ஆறியிருந்தது. ஆறினாலும் மீன்கறி மீன்கறிதான். நான் சாப்பிட்டேன். அண்ணன் சாப்பிடாமல் எதிரே உட்கார்ந்திருந்தான். முகத்தில் கோபம் போகவில்லை, கூடியிருந்தது.

"கேக்க வந்தவ வேண்டாம்னா என்ன அர்த்தம்? எனக்க மூலைக்கு என்ன கொறை?"

"கொறை ஒண்ணுமில்ல. அவ்வளவு பெருசு வேண்டாம்."

"நான் தந்திருப்பேன்டி. நீ கை நனைச்சிருந்தா தந்திருப்பேன்."

"நீ தந்திருந்தா நான் நனைச்சிருப்பேன்."

"இப்பத் தாறேன். எடுத்துக்கோ."

"வேண்டாம்."

"ஊரு என்னைப் பத்தி என்ன நினைக்கும்? தங்கச்சி வந்து கேட்டும் தரலைன்னு சொல்லுவானுவ."

"தாறேன்னு சொன்னான், நான்தான் வேண்டாம்னேன்னு சொல்லுகேன். இன்னும் ரெண்டு துண்டு மீன் போடு மைனி."

மைனி சிரித்துவிட்டாள். அண்ணன் சிரிக்கவில்லை. ஆனால் தட்டை இழுத்தான்.

இருபத்தெட்டாம் நாள் இரண்டு பேரும் வந்தார்கள். அண்ணன்தான் அரைஞாண் கட்டினான். கட்டும்போதும் என் காதில், "ஆறு தென்னையத் தள்ளினாப் போரும், நல்லா யோசிச்சுக்கோ" என்றான்.

ஊர் திரும்பும்போது கீழப்பத்து வரை பஸ்ஸில் வந்து இறங்கினேன். பெட்டி இரண்டு. ஆட்டோ இல்லை. ஒரு பெட்டியைத் தலையில் வைத்து, ஒன்றை இழுத்துக்கொண்டு சானல் கரையில் நடந்தேன். பெட்டியின் சக்கரம் ஒன்று சகதியில் கழன்றது. அன்று சாயங்காலமே கோயில் முன்னால் கூட்டம். வீட்டுக்காரரை நாற்காலியோடு தூக்கி வந்து உட்காரவைத்தார்கள்.

"மூலை கெடச்சுதா?" என்றார் தலைவர்.

"தாறேன்னான். நான் வேண்டாம்னுட்டேன்."

சத்தம் அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று. ஊர் சொன்ன காரியத்தைக் கெடுக்க நீ யார் என்றார்கள். வெளிநாட்டுத் தண்ணி ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். நான் கொடிமரத்திலிருந்து மதில்வரை நடந்து காட்டினேன்.

"குட்டி பஸ் திரும்ப இது போரும். அண்ணன் ஊருல இதவிடச் சின்ன எடத்துல திரும்புது."

"வெளிநாட்டுல குட்டி பஸ்ஸா? புளுகாத அக்கா!" என்றான் ஒருவன்.

மைனி எடுத்து அனுப்பிய படத்தை ஃபோனில் காட்டினேன். கை மாறிக் கை மாறிச் சுற்றியது.

"இது ஆம்புலன்ஸ்லா?"

"பஸ்தான். டிக்கெட் எடுத்தேன். நாய்க்கும் டிக்கெட்."

"அவன் ஊருல ஆளு எத்தனை?"

"நம்மள்ல பாதி இல்ல."

"அவனுக்கு வெக்கமா இல்லியா?"

"இல்ல. ஏறி உக்காந்து போறான்."

தலைவர் தலையைச் சொறிந்தார். கீழப்பத்துக்காரன் சிரிப்பானே என்று பின்னாலிருந்து ஒரு குரல். அப்போதுதான் என் வீட்டுக்காரர் பேசினார். நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"அண்ணைக்கு வேண்டாம்னு கத்தினது நான். இண்ணைக்கு வேணும்னு சொல்லுகதும் நான். சிரிக்கவன் சிரிக்கட்டும். கால் போறதுக்கு முன்ன பெருமை போவட்டும்லே."

ஒருத்தரும் கை தட்டவில்லை. ஆனால் மறுத்தும் பேசவில்லை. மறுவாரம் எழுதிப் போட்டோம். ஆபீஸில் அலையவிட்டார்கள். அலைந்தோம்.

சானல் கரையை ஜல்லி போட்டு உறுதியாக்கினார்கள். அறுப்பு முடிந்த பிறகு மினி பஸ் வந்தது. மஞ்சள் நிறம். முன்னால் மாலை போட்டிருந்தார்கள். கோயில் முன்னால் வளைந்து திரும்பியது. கொடிமரத்தில் உரசவில்லை. அது குனியவில்லை. படி உயரம். வீட்டுக்காரர் முதலில் படியில் உட்கார்ந்தார். அப்புறம் கையை ஊன்றிப் பின்பக்கமாகவே ஒவ்வொரு படியாக ஏறினார். கட்டுப் போட்ட காலை நான் தூக்கிக் கொடுத்தேன். அவர் முன் சீட்டில் உட்கார்ந்த பிறகுதான் மற்றவர்கள் ஏறினார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது நாங்கள் இரண்டு பேர்தான். ஆனால் ஊரே ஏறியது. வேலை இல்லாதவர்களும் ஏறினார்கள். நிற்க இடமில்லை.

கீழப்பத்து ஸ்டாப்பில் அவர்கள் பெரிய பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தார்கள். அன்று அது வரவில்லை. வெகுநேரமாக நிற்கிறார்கள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. ஒருத்தர் எங்கள் பஸ்ஸைப் பார்த்துக் கையை நீட்டினார். ஏற்றி அடைக்க இடமில்லை. பஸ் மெதுவாகத் தாண்டியது. வீட்டுக்காரர் சன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"என்ன மக்கா, ஒங்க கப்பல் இன்னும் கரைக்கு வரலியா?"

பஸ்ஸே சிரித்தது. வெளியே நின்றவர்கள் எங்கள் பஸ்ஸையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்தப் பார்வை உள்ளே எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும். பாவம் என்று நினைக்க வேண்டும். நான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன்.